ஓரத்துக்குக் கொஞ்சம் கனம்

சென்னை
2 செப்டம்பர் 2024

அன்பு அண்ணிக்கு மஞ்சு எழுதுவது. நான் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நின்று நின்று கால் வீங்கி, மற்றபடி நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி? அண்ணனுடைய தோள்வலி தேவலையா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று அண்ணன் சிரிப்பான். ஹாஸ்டலில் திங்கள் முதல் சனி வரைக்கும் வார்டன் எங்கள் போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கொடுப்பாள். அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டு ஒரே போன் அண்ணன் கையில் இருக்கும். அவன் அதை ஸ்பீக்கரில் போட்டு பசியாவரம் முழுக்கக் கேட்க வைப்பான். போன மாதம் எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னது பழவேற்காடு பஜார் வரைக்கும் போய், மீன் வாங்க வந்தவர்கள் கூட விசாரித்தார்களாம். இனிமேல் கடிதம்தான். நண்டு ஏஜெண்ட் வடிவேலு அண்ணன் நான் வேலை பார்க்கிற கடைக்குப் பின்தெரு ஓட்டலில்தான் சரக்கு இறக்குகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், என்னைப் பாத்திரப் பிரிவிலிருந்து ஸ்கர்ட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரிவைப் பார்த்துக்கொள்கிற மோகன்குமார் சார் மூன்று நாள் வகுப்பு எடுத்தார். பெண்கள் உடம்பு எத்தனை வகை, எந்த வகைக்கு எந்த ஸ்கர்ட் எடுப்பாக இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பேரிக்காய் உடம்பு, ஆப்பிள் உடம்பு, வாழைக்காய் உடம்பு, உடுக்கை உடம்பு. நான் எந்தக் காய் என்று கேட்டேன். மோகன்குமார் சார் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

மஞ்சு


பசியாவரம்
15 செப்டம்பர் 2024

மஞ்சுவுக்கு அண்ணி செவ்வந்தியின் ஆசிகள். உன் கடிதம் நண்டுப் பெட்டி மேல் வந்ததால் ஓரமெல்லாம் ஈரம். படிக்க முடிந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அண்ணன் தோள்வலியும் சௌக்கியமாக இருக்கிறது, விட்டுப் போவதாக இல்லை.

நீ ஸ்கர்ட் பிரிவுக்குப் போனதை சாமி செயல் என்றுதான் சொல்வேன். ஊர்த் தலைவர் வீட்டு ஜெயம்மாக்கா பெண் திவ்யாவுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை ரஞ்சித் சென்னைப் பையன். வரவேற்புக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நீள ஸ்கர்ட்டில் வரப்போகிறார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து ஜெயம்மாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “அவங்க மட்டும்தான் போடுவாங்களா, நமக்கு இன்னா இடுப்பு இல்லியா?” என்று நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு ஒன்று, திவ்யாவுக்கு ஒன்று, அவர் தங்கச்சி சரண்யாவுக்கு ஒன்று, ஆக மூன்று ஸ்கர்ட்.

பழவேற்காடு பஜாரில் அவர்கள் வீட்டு அறை ஒன்று சும்மா கிடக்கிறது, உனக்குத் தெரியும். ஸ்கர்ட் நன்றாக அமைந்தால் அதை எனக்குத் தையல் கடை வைக்கக் கொடுப்பதாக ஜெயம்மாக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார். அமையவில்லை என்றால் சிங்காரத்துக்கு. அவர் கோழிக்கடை போடக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எனக்கு அந்த அறை வேண்டும் மஞ்சு. என் மிஷின் ஒரு பக்கம் வலைக்கும் இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் நிற்கிறது. போன மாதம் ஒரு கல்யாண ஜாக்கெட்டை, கருவாட்டு வாடை வருகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அன்றைக்கு அழுதேன், உன் அண்ணனுக்குத் தெரியாது. இதற்கு முன் எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நான் இதுவரை தைத்தது ஜாக்கெட்டும் உள்பாவாடையும்தான். யாருக்கு எது எடுக்கும் என்று விவரமாக எழுது.

அண்ணி


சென்னை
27 செப்டம்பர் 2024

அண்ணிக்கு வணக்கம். இங்கே நலம்தான். கால் வீக்கத்துக்கு மோகன்குமார் சார் ஒரு தைலம் சொன்னார், கேட்கிறது.

அறை உங்களுக்குத்தான். கவலையை விடுங்கள். மோகன்குமார் சாரிடம் கேட்டு எழுதுகிறேன். இடுப்புக்குக் கீழே அகலமானவர்களுக்கு மேலே சுருக்கு வைக்கவே கூடாது. இடுப்பில் படிந்து, கீழே போகப் போக விரிகிற மாதிரி கலி, அதாவது மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகள், வெட்டித் தைக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு நேர் எதிர். சுருக்கு நிறைய, அடுக்கு இரண்டு மூன்று வைத்தால் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் தெரியும். நடுவில் கனமானவர்களுக்கு வயிற்றுக்கு மேல் தட்டையான அகலப் பட்டி, அதற்குக் கீழேதான் மடிப்பு, மேலிருந்து கீழாகக் கோடு போட்ட துணி. குள்ளமானவர்களுக்கு அகல பார்டர் வேண்டாம், ஆளைப் பாதியாக வெட்டிவிடும். மோகன்குமார் சார் சொல்வது என்னவென்றால், துணியை உடம்புக்குத் தைக்க வேண்டும், ஆசைக்குத் தைக்கக் கூடாது. அவர் இப்படி நிறையச் சொல்வார். மோகன்குமார் சாருக்குச் சொந்த ஊர் அனுப்பம்பட்டு, நம் பக்கம்தான்.

மூன்று பேரையும் வகை பிரித்து எழுதுங்கள்.

மஞ்சு


பசியாவரம்
20 அக்டோபர் 2024

மஞ்சுவுக்கு, நீ சுகம்தானே. இங்கே நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது.

உன் பேரிக்காயும் ஆப்பிளும் எனக்கு மனசில் நிற்கவில்லை. அதனால் அளவு நோட்டில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தேன். திவ்யா நீட்டமாக, ஒல்லியாக இருக்கிறாள். அவளுக்குக் கிழங்கான் மீன். சரண்யாவுக்கு நடு அகலம். அவளுக்கு வவ்வால் மீன். ஜெயம்மாக்கா எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அகலம். அவருக்கு நண்டு.

தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சரண்யா வந்து நோட்டைப் படித்துவிட்டாள். நேரே அக்காவிடம் ஓடிப்போய், “உன்ன நண்டுன்னு எழ்தி வச்சிக்கிறா” என்று சொல்லிவிட்டாள். தன் பேருக்கு எதிரே என்ன இருந்தது என்று சொல்லவில்லை.

ஜெயம்மாக்கா வந்தார். தெருவே வந்தது. அறையின் சாவி சிங்காரத்துக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “அக்கா, கிழங்கான கூறு கட்டி விப்பாங்க. வவ்வால ஐஸ்ல போட்டு அனுப்புவாங்க. நண்ட மட்டும்தான் கயிறு கட்டி, உசுரோட, ப்ளேன்ல சிங்கப்பூருக்கு அனுப்புறாங்க.” ஜெயம்மாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காபி கேட்டார்.

இப்போது திவ்யா தன்னைக் கூறு கட்டி விற்கிற மீன் என்று சொல்லிவிட்டதாக அழுகிறாள். ஊரில் பாதிப் பெண்கள் வந்து, நான் நண்டா என்று அளவெடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் நண்டு என்றே எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. உன் போன கடிதத்தில் மோகன்குமார் என்கிற பேர் நாலு இடத்தில் வருகிறது. ஸ்கர்ட் என்கிற சொல் ஒரு இடத்தில் கூட இல்லை.

அண்ணி


சென்னை
9 நவம்பர் 2024

அண்ணிக்கு, சௌக்கியம், தீபாவளிக் கூட்டத்தில் நசுங்காமல் தப்பித்தேன். உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாகப் படித்தேன். அறையில் பதினோரு பேர். எல்லாரும் நண்டாக இருக்கிறோம்.

திவ்யாவைச் சமாதானம் செய்ய ஒரு வழி. அடுக்குப் பாவாடைக்கு ஒவ்வொரு அடுக்கிலும் துணி ஒன்றரைப் பங்கு விட்டுச் சுருக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னார். போட்டுப் பார்த்தால் அழமாட்டாள். ஜெயம்மாக்காவுக்குக் கரும்பச்சையில் மெல்லிய கோடு போட்ட துணி இத்துடன் அனுப்புகிறேன். அதுவும் ஒருத்தர் தேர்ந்தெடுத்ததுதான். பேர் எழுதினால் நீங்கள் எண்ணுவீர்கள்.

மஞ்சு


பசியாவரம்
22 டிசம்பர் 2024

மஞ்சுவுக்கு, மழையில் நனையாமல் இருக்கிறாயா? இங்கே வீட்டுக்குள் ஒழுகாத இடம் மிஷின் மேல் மட்டும்தான். அதற்கு உன் அண்ணன் தன் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு வலையை நனைய விட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது.

மூன்றும் தைத்து முடித்துவிட்டேன். திவ்யா போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னாலிருந்து நகரவில்லை. சரண்யாவுக்கு இடுப்பு எங்கே போனது என்று சரண்யாவே தேடினாள். ஜெயம்மாக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மூன்று முறை நடந்து காட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அறையைப் பெருக்கச் சொல்லி ஆள் அனுப்பினாராம். கேட்டதும் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

ஒரே ஒரு கவலை. கொடியில் போட்டால் மூன்றும் வாடைக்காற்றில் தலைக்கு மேல் பறக்கின்றன. வரவேற்பு அன்று மூன்று பேரும் இங்கிருந்து ஏரியைத் தாண்டிப் படகில்தான் பஜார் மண்டபத்துக்குப் போக வேண்டும். நடு ஏரியில் ஸ்கர்ட் தூக்கினால் சம்பந்தி வீட்டார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒருத்தரைக் கேட்டு ஒரு வழி சொல்.

அண்ணி


சென்னை
10 ஜனவரி 2025

அண்ணிக்கு, நலம். பொங்கல் கூட்டத்தில் பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு எனக்கு விடுமுறை கிடையாதாம்.

காற்றுக்கு வழி இதுதான் என்று அந்த ஒருத்தர் சொன்னார்: ஓரத்துக்குக் கொஞ்சம் கனம் கொடுக்க வேண்டும். கனம் இருந்தால் துணி தூக்காது, விழுவதும் அழகாக விழும். எப்படி என்று அடுத்த தடவை கேட்டு எழுதுகிறேன். வடிவேலு அண்ணன் கிளம்பிவிட்டார்.

மஞ்சு


பசியாவரம்
2 பிப்ரவரி 2025

மஞ்சுவுக்கு, நலம். கல்யாணம் முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. ஸ்கர்ட்டின் ஓரம் கொஞ்சம் கனமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே சின்ன அடி. அவருடைய அப்பாவுக்கும்.

மிஷினுக்கு உறை போட்டுவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


சென்னை
23 பிப்ரவரி 2025

அண்ணிக்கு, நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உங்களிடமிருந்து பதில் வராமல் இது மூன்றாவது கடிதம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அண்ணன் எடுத்து, ஸ்பீக்கரில் போடாமல், அண்ணி தூங்குகிறாள் என்கிறான். காலை பதினோரு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஸ்கர்ட் பட்டு மாப்பிள்ளைக்கு எப்படி அடிபடும்? அறை என்ன ஆயிற்று? சிங்காரம் அங்கே கோழிக் கூண்டு கொண்டுவந்து வைத்திருப்பதாக வடிவேலு அண்ணன் சொல்கிறார். உண்மையா? யாராவது ஒருத்தர் எனக்கு எழுதுங்கள்.

மஞ்சு


பசியாவரம்
3 மார்ச் 2025

தங்கச்சி மஞ்சுவுக்கு அண்ணன் ஆதிநாராயணன் எழுதுவது. நான் கடைசியாக எழுதியது ஒன்பதாம் வகுப்பில் லீவு லெட்டர். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பொங்கல் கடிதம் வரவேற்புக்கு முதல் நாள்தான் வந்தது. வடிவேலு அதை ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்து மறந்துவிட்டார். உன் அண்ணி கொக்கி வாங்கப் பொன்னேரி போயிருந்தாள். நான் பிரித்துப் படித்தேன். ஓரத்துக்குக் கொஞ்சம் கனம் கொடு என்று எழுதியிருந்தாய். எப்படி என்று எழுதவில்லை. எனக்கு எதற்கு எழுத வேண்டும்? இருபது வருஷமாக வலை கட்டுகிறேன். வலை தண்ணீரில் நேராக நிற்க அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கோர்க்கிறோம். பாவாடையும் அதே கணக்குதான். ஓரத்தைப் பிரித்து, கயிற்றில் கோர்த்து உள்ளே விட்டு, வலை ஊசியால் மூடிவிட்டேன். ஒரு மத்தியானத்தில் மூன்றும் முடிந்தது. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, வருவதற்குள் நானே கொண்டுபோய் ஜெயம்மாக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். கனமாக இருக்குதே என்று கேட்டார். ஒசந்த துணி அப்படித்தான் இருக்கும் என்றேன்.

படகில் ஒன்றும் தூக்கவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்களின் ஸ்கர்ட்தான் கரையிலேயே குடையாகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் மேடையில் போட்டோ எடுக்கிறவன், ஒரு சுற்று சுற்றம்மா என்று திவ்யாவிடம் சொன்னான். அவள் வேகமாகச் சுற்றினாள். மூன்று அடுக்கும் விரிந்தது. அடி அடுக்கு மாப்பிள்ளையின் கணுக்காலை வாங்கிவிட்டது. அவர் ஒற்றைக் காலில் குதிக்க, இன்னா ஆச்சு மாப்ளே என்று ஜெயம்மாக்கா ஓடிவந்து திரும்பினார். அவருடையதில் அறுபது குண்டு. மாப்பிள்ளையின் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செவ்வந்தி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜெயம்மாக்கா எல்லார் முன்னாலும் அவளைக் கேட்ட கேள்விக்கு, என் தப்புதான் அக்கா என்று சொல்லிவிட்டாள். என் பேரை இன்று வரை சொல்லவில்லை. என்னையும் திட்டவில்லை. நேரத்துக்குச் சோறு போடுகிறாள். தட்டு வைக்கிற சத்தம் கூட வருவதில்லை. நான் புயலில் மாட்டியிருக்கிறேன், அப்போது கூட இப்படிப் பயந்ததில்லை. என்ன செய்வது என்று எழுது.

அப்புறம், கடிதத்தில் ‘அந்த ஒருத்தர்’ என்று இருந்ததே, யார் அது?

ஆதிநாராயணன்


சென்னை
9 மார்ச் 2025

அண்ணா, நான் நலமாக இருந்தேன், உன் கடிதம் வரும் வரைக்கும்.

பாதிக் கடிதம் எழுதி அனுப்பிய தப்பு என்னுடையது. அதை அண்ணியிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். மீதித் தப்பு உன்னுடையது. என்ன செய்வது என்று கேட்கிறாயே, உனக்குத் தெரியாதா? அண்ணியை ஊர் நடுவில் திட்டினார்கள். நீயும் ஊர் நடுவில் போய் நின்று சொல். வீட்டுக்குள் அண்ணி காதில் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்க்காதே. என் வயிற்றுப்போக்கைக் கரை முழுக்கச் சொன்ன வாய்தானே உனக்கு? அந்த வாய்க்கு இது மட்டும் வரவில்லையா?

நீ சொல்லிவிட்டாய் என்று அண்ணி எழுதும் வரைக்கும் உன்னோடு பேசமாட்டேன். தோளுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தடவு.

மஞ்சு


பழவேற்காடு
6 ஏப்ரல் 2025

என் கண்ணு மஞ்சுவுக்கு அண்ணி எழுதுவது. நான் சுகம். உண்மையாகவே சுகம். இத்தனை நாள் எழுதாமல் உன்னைத் தவிக்க விட்டேன். எழுதினால் உன் அண்ணனைப் பற்றி உன்னிடமே எழுத வேண்டி வருமே என்றுதான் பேனா எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் எல்லாரும் கோயில் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். உன் அண்ணன் எழுந்து நின்றார். இரண்டு முறை இருமினார். “ஈயம் கட்னது நானு. செவ்வந்தி ஊர்லயே இல்ல. அவ தையல்ல ஒரு குத்தமும் கெடயாது” என்றார். பிறகு சடையன் பெரியவர், எத்தினி குண்டு என்று கேட்டார். ஜெயம்மாக்காவுதுக்கு அறுபது என்று இவர் சொன்னார். அவ்வளவுதான், ஊர் ஒரு மணி நேரம் சிரித்தது. நான் குடத்தை வைத்துவிட்டு அழுதேன். கோபத்தில் அழுதேனா வேறு எதற்கா என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஜெயம்மாக்கா வந்தார், அந்தக் கரும்பச்சை ஸ்கர்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு. முகத்தில் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். “இன்னாத்துக்குடி இத்தினி நாளா வாய மூடிக்கினு இருந்தே?” என்று கேட்டார். அவர் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அன்னிக்கு படகுல வந்த பொம்பளைங்க எல்லாம் துணிய புடிச்சிக்கினு குந்திக்கினு வந்தாங்க. நா மட்டும் ரெண்டு கையும் வுட்டுட்டு நின்னுக்கினு வந்தேன். அறுபதுல நாப்பத எடுத்துடு. மீதி இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு தினமும் ஆள். ஏரியைத் தாண்டிப் பஜாருக்கு வருகிறவர்கள், படகில் பள்ளிக்கூடம் போகிற டீச்சர்கள். நீ எழுதின கணக்கில்தான் வெட்டுகிறேன். அகல இடுப்புக்குக் கலி, ஒல்லிக்கு அடுக்கு. ஓரத்தில் எல்லாருக்கும் சின்னக் குண்டு பதினைந்து. சுற்றக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அறை எனக்குத்தான். சிங்காரம் கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கோழி வாடையை மட்டும் விட்டுவிட்டு. மீன் வாடை இல்லாத அறை என்றுதானே கேட்டிருந்தேன். இந்தக் கடிதத்தை என் மிஷின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். காகிதம் நனையவில்லை.

உன் அண்ணன் ஒரு கேள்வி கேட்டிருந்தாராம், நீ அதற்குப் பதிலே எழுதவில்லை. அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு நேரில் வந்து சொல், தனியாக வர வேண்டியதில்லை.

உன் அண்ணன் இப்போது என்ன செய்கிறார் என்றால், கடலுக்குப் போகாத நாளில் இங்கே தரையில் உட்கார்ந்து குண்டு கோர்க்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் டிசைன் என்னுது என்கிறார். அடிபட்டபோது என் தையல், அழகாக விழும்போது அவர் ஈயம். பலகை எழுதுகிறவர் நேற்று வந்தபோது, கீழே ஓரத்தில் சின்னதாகத் தன் பேரையும் போடச் சொன்னார். என் பேரை மட்டும்தான் எழுத வைத்தேன். தப்பைச் சொல்ல அவருக்கு ஒன்றரை மாதம் ஆனது, நான் பொறுத்துக்கொண்டேன். பேர் போட எனக்கு எவ்வளவு நாள் ஆகிறதோ, அவரும் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி
செவ்வந்தி
செவ்வந்தி தையல் கடை, பஜார் தெரு